செக்போஸ்ட் இல்லாத எல்லை

1

அன்று காரில் இருந்தவர்கள் மூன்று பேர். வண்டி ஓட்டிய எர்னஸ்டின் அக்கா, பின்சீட்டில் ஜன்னலோரம் சாய்ந்திருந்த என் மனைவி மாலதி, அவள் பக்கத்தில் நான். இல்லாதவர்களையும் சொல்லிவிடுகிறேன். சித்தூர்ப் பக்கம் வெதுருகுப்பத்தில் இருக்கும் என் அம்மா. நாங்கள் வழக்கம்போல வேலைக்குப் போயிருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாள். திருப்பதியில் இருக்கும் என் அக்கா. அவளுக்கு எல்லாம் தெரியும், தெரிந்தும் அவ்வளவு தூரத்திலிருந்து ஒன்றும் செய்ய முடியாது. நைனா, என் அப்பா, செத்துப்போய் நான்கு வருடம் ஆகிறது. "நானே வண்டி எடுத்துக்கினு வர்றேன்டா, நீ மாலதிய மட்டும் பாத்துக்க" என்று சொன்ன நண்பன் பாஸ்கரும் வரவில்லை.

மாலதியின் வயிற்றில் இருந்ததை இந்த இரண்டில் எந்தப் பக்கம் சேர்ப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. இதயம் அடித்துக்கொண்டிருந்தது. தலையின் மேல்பாகம் உருவாகவே இல்லை.

போன சனிக்கிழமையோடு ஒரு வருடம் ஆகிவிட்டது. "அமெரிக்காவுல கருக்கலைப்புக்குத் தடை போட்டுட்டாங்களாமே, அது இன்னாப்பா சங்கதி?" என்று ஊரிலிருந்து சிநேகிதர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். செய்தியில் வருவது அவர்களுக்கே தெரியும். எங்களுக்கு நடந்ததை மட்டும் எழுதுகிறேன். நாங்கள் இருக்கும் மாநிலத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று மாலதி சொல்லியிருக்கிறாள். தெற்கே, பருத்தி விளைகிற ஒரு மாநிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு உதவிய அமைப்பின் பெயரையும் எழுதப்போவதில்லை. எர்னஸ்டின் என்பதும் அந்த அக்காவின் உண்மையான பெயர் அல்ல. ஒரு வருடத்துக்குப் பிறகும் ஏன் இவ்வளவு பயம் என்று கேட்பீர்கள். கடைசிவரை படித்தால் தெரியும்.

2

ஐந்தாம் மாத ஸ்கேன். சித்தூரில் ஸ்கேன் சென்டர் வாசலிலேயே, பிள்ளை ஆணா பெண்ணா என்று சொல்லமாட்டோம் என்ற போர்டு தொங்கும். அதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, இங்கே கேட்காமலேயே சொல்லிவிடுவார்கள் என்பது பெரிய அதிசயம். பெண் பிள்ளைதான் என்று மாலதி பந்தயம் கட்டியிருந்தாள். ஸ்கேன் எடுத்த பெண்ணும் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு வார்த்தையில் நின்றுவிட்டாள். கருவியை வயிற்றிலிருந்து எடுத்தாள், திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள், டாக்டரைக் கூப்பிடப் போனாள்.

சத்தத்தை நிறுத்த மறந்துவிட்டாள். பதிவாகியிருந்த அந்தத் துடிப்பு, திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டே இருந்தது. வயல் தாண்டி எங்கேயோ ஓடும் போர்வெல் மோட்டார் மாதிரி இருந்தது. மாலதி என் விரலைப் பிடித்துக்கொண்டு, "நல்லாத்தானே அடிக்குது?" என்றாள். நல்லாத்தான் அடித்தது.

டாக்டர் வந்து உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். மண்டை ஓடு இல்லை, மூளையின் பெரும்பகுதி இல்லை, பிறந்தால் சில மணி நேரம், பலருக்கு அதுவும் இல்லை. "அப்போ நாங்க என்ன செய்யணும்?" என்று கேட்டேன். அவர் கதவைப் பார்த்தார். கதவு சாத்தித்தான் இருந்தது. "இந்த மாநிலத்தில் இதற்குமேல் நான் எதுவும் சொல்ல முடியாது" என்றார். அந்த வாக்கியத்தை அவர் மனப்பாடம் செய்திருந்தது போல் இருந்தது. சொல்லி முடித்ததும் மாலதியின் காலை, போர்வைக்கு மேலேயே, ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

உச்ச நீதிமன்றம் பழைய உரிமையை எடுத்துவிட்டு, இனி ஒவ்வொரு மாநிலமும் தன் இஷ்டப்படி சட்டம் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டது. எங்கள் மாநிலத்தில், இதயம் அடிக்கும்வரை டாக்டர் கை வைத்தால் அவருக்கு ஜெயில். ஆக, மாலதி இன்னும் நான்கு மாதம் சுமந்து, வலி எடுத்துப் பெற்று, பெற்ற அன்றே புதைக்க வேண்டும். இல்லையென்றால் மாநிலத்தை விட்டு வெளியே போக வேண்டும். அங்கேயும் இத்தனை வாரத்துக்குள் என்று ஒரு கெடு உண்டு. அந்தக் கெடு நெருங்கிவிட்டிருந்தது.

திருப்பதி அக்காவுக்கு இதே மாதிரி மூன்று வருடத்துக்கு முன்னால் ஆகியிருந்தது. பிள்ளைக்கு முதுகுத்தண்டு சரியாக இல்லை. பிரசவ ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எடுத்துச் சொன்னார், அக்கா கையெழுத்துப் போட்டாள், மாமா வீட்டிலிருந்து மிளகு ரசம் கொண்டு வந்தார். நானும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இப்போது போனில் அக்கா அழுதாள். அப்புறம் கோபம் வந்துவிட்டது.

"இங்க இருந்திருந்தா ஒரு கையெழுத்துதான்டா குமாரு. நல்ல ஆஸ்பத்திரி கீதுன்னு சொல்லித்தானே அந்தூருக்கு இட்டுக்கினு போன அவள?"

"பிளேன்ல வந்துடட்டுமாக்கா?"

"உன் விசா?"

விசா நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது. பழைய கம்பெனி விட்டு புதிய கம்பெனி மாறும் நேரம். வெளியே போனால் திரும்ப உள்ளே வரலாமா என்று வக்கீலுக்கே நிச்சயம் இல்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சேரும் பாரம் முதல் விசா பாரம்வரை யாரிடமும் கேட்காமல் நானே படித்து நானே நிரப்பியவன். அன்று எந்தப் பாரத்தைப் படித்தாலும் எழுத்து எழுத்தாகத்தான் தெரிந்தது.

3

பக்கத்து மாநில கிளினிக்குகளுக்குப் போன் செய்தோம். தெற்கிலிருந்து எல்லாரும் அங்கேதான் போகிறார்கள்; எங்கே கேட்டாலும் மூன்று வாரம் கழித்து வா என்றார்கள். மூன்று வாரத்தில் கெடு தாண்டிவிடும். வண்டி ஓட்டுகிறேன் என்று சொன்ன பாஸ்கர், உதவி செய்கிறவர்கள் மேலும் வழக்குப் போடலாமாம் என்று எங்கேயோ படித்துவிட்டு, போனை எடுப்பதை நிறுத்திவிட்டான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்கு கிரீன் கார்டு வரும் நேரம்.

எங்கள் அடுக்குமாடியில் எல்லாருக்கும் பொதுவான வாஷிங் மெஷின் அறை ஒன்று உண்டு. அதன் சுவரில், கீழே போன் நம்பரை நறுக்கி நறுக்கி விட்டு, கிழித்து எடுத்துக்கொள்ளும்படி ஒரு தாள் ஒட்டியிருந்தது. பிள்ளை விஷயத்தில் உதவி வேண்டுமா, கூப்பிடு என்ற வரி, அதன் மேலே கறுப்பினப் பெண்கள் சிரிக்கும் படம். மாதக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அது அவர்களுக்கானது, நமக்கு இல்லை என்று துணியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். யார் யாருக்கு எந்தக் குழாய் என்று சின்ன வயதிலேயே கற்றுக்கொண்ட ஊர்க்காரன் நான். எங்கள் காலனிக்குத் தனிக் குழாய். அந்தப் பழக்கம் கடல் தாண்டியும் கூடவே வந்திருக்கிறது.

நம்பரைக் கிழித்துக்கொண்டு வந்தவள் மாலதி.

எர்னஸ்டின் அக்கா பேசியது இங்கிலீஷ்தான். ஆனால் என் காதில் எங்க ஊர்ப் பேச்சாகத்தான் விழுந்தது, அப்படியே எழுதுகிறேன். போனை எடுத்ததும் நான் என் பெயர், விசா, காப்பீட்டு எண் என்று ஆரம்பித்தேன். அவர் நிறுத்தினார்.

"அதெல்லாம் இருக்கட்டும் சாமி. அந்தப் பொண்ணு இன்னிக்கு ஏதாச்சும் துன்னாளா?"

இல்லை என்றேன்.

"நீ?"

"இல்லீங்க."

"மொதல்ல ஏதாச்சும் செஞ்சி துன்னுங்க ரெண்டு பேரும். அரை மணி கழிச்சி நானே கூப்புடறேன்."

கூப்பிட்டார். பள்ளிக்கூடப் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வயது அறுபதுக்கு மேல். அவர் பக்கத்தில் மூத்த பெண்களை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். பெயருக்கு முன்னால் 'மிஸ்' சேர்த்துத்தான் சொல்வார்கள். மிஸ் எர்னஸ்டின் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோதே மாலதி அக்கா என்று ஆரம்பித்துவிட்டாள். அது என்ன என்று கேட்டார். சொன்னோம். "அப்போ அதுவே நல்லாக்கீது" என்றார். மறுநாளே கிளினிக்கில் சனிக்கிழமைக்கு ஓர் இடம் வாங்கிவிட்டார். எப்படி வாங்கினார் என்று தெரியாது. வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குக் கிளம்பி, அங்கே ஓர் அம்மாவின் வீட்டில் தங்கிக்கொள்வது என்று ஏற்பாடு.

ஸ்கேன் ரிப்போர்ட்டின் நகல் மட்டும் வேண்டும் என்றார். அதை வாங்கப் போன இடத்தில்தான் நாங்கள் ஒரு தப்புக் காரியத்தைச் செய்தோம்.

4

இதைப் புரிந்துகொள்ள எங்கள் ரோடு தெரிந்திருக்க வேண்டும். சித்தூர்க்காரனுக்கு உடம்பு கொஞ்சம் பெரிதாகக் கெட்டுப்போனால் வேலூர். நடுவில் மாநில எல்லை இருக்கிறது, செக்போஸ்ட் இருக்கிறது, லாரிகள் வரிசையாக நிற்கும். எனக்கு மஞ்சள்காமாலை வந்தபோது நைனா என்னை வாடகை வேனில் போட்டுக்கொண்டு போனார். வரிசையைப் பார்த்ததும் ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டி, "ஆஸ்பத்திரி கேசு சார்! ஆஸ்பத்திரி கேசு!" என்று கத்தினார். லாரிக்காரர்கள் ஒதுங்கினார்கள். போலீஸ்காரர் எட்டிக்கூடப் பார்க்காமல் கட்டையைத் தூக்கிவிட்டார். அந்த வார்த்தைக்கு அவ்வளவு மரியாதை. எவ்வளவு சத்தமாகச் சொல்கிறோமோ அவ்வளவு சீக்கிரம் வழி கிடைக்கும்.

மாலதியின் ஊர் தடா. கல்யாணத்துக்கு முன்னால் எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுக் கம்பெனி ஒன்றில் வேலை. அவளுக்கு எல்லை என்பது இன்னும் லேசு. கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே தாண்டுகிற சமாசாரம்.

ஆகவே ரிப்போர்ட் கொடுக்கும் கவுன்டரில், எதற்கு நகல் என்று அந்த அம்மா கேட்டபோது, நான் நைனா மாதிரியே சொன்னேன். பக்கத்து மாநிலத்து ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், அவசர கேஸ், கொஞ்சம் சீக்கிரம் கொடுங்கள் என்றேன். மாநிலத்தின் பெயரையும் சொன்னேன். "வியாழக்கிழமை காலையில எட்டு மணிக்கே கிளம்பணும்" என்று மாலதியும் பக்கத்திலிருந்து சேர்த்துக்கொண்டாள்.

அந்த அம்மா மிகவும் அன்பாகச் சிரித்தார். அவர் காலரில் ஒரு சின்ன பின் குத்தியிருந்தது. தங்க நிறத்தில் இரண்டு குட்டிப் பாதங்கள், நகத்தளவு. எனக்கு அது அழகாகக்கூட இருந்தது. நகலை உறையில் போட்டு, விலாசம் சரியா என்று ஒரு தடவை வாசித்துக் காட்டிவிட்டு, "பாப்பாவுக்காக நான் வேண்டிக்கொள்கிறேன்" என்றார். நாங்கள் நன்றி சொல்லிவிட்டு வந்தோம்.

சாயங்காலம் இதை எர்னஸ்டின் அக்காவிடம் போனில் சொன்னேன், அந்தப் பின்னையும் சேர்த்து.

"குட்டிப் பாதம் பின்னு போட்டிருந்தாங்களா?"

"ஆமாக்கா."

"உங்க ஊர்ல இந்த மாதிரி சொன்னா இன்னா செய்வாங்க?"

"வழி விடுவாங்க."

"ம்" என்றார். திட்டவில்லை. "சரி. கலைக்கக் கூடாதுன்னு நிக்கறவங்க குத்திக்கற பின்னு அது. வியாழக்கிழம போக வாணாம். வெள்ளிக்கிழம போலாம். வியாழக்கிழம வெளிய வராதீங்க. யாரு கதவு தட்னாலும் தொறக்காதீங்க."

5

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குக் கதவு தட்டப்பட்டது.

நல்ல வெயில். கதவில் இருக்கும் கண்ணாடித் துளை வழியாகப் பார்த்தேன். சர்ச்சுக்குப் போகிறவர்கள் மாதிரி உடுத்தியிருந்த இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் சிரித்தபடி நின்றிருந்தார்கள். ஒருவர் கையில் கூடை. நான் பார்ப்பது அவர்களுக்குத் தெரியாது. ஆனால் இருவரும் நேராக அந்தத் துளையைப் பார்த்துத்தான் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மாலதியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். எங்கள் ஆபீஸில் யாருக்கும் சரியாக வராத பெயர் அது. அவருக்குச் சுத்தமாக வந்தது. பழகிப் பார்த்திருப்பார் போலிருக்கிறது.

மாலதி சமையலறைத் தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பிரிட்ஜ் மோட்டார் ஓடத் தொடங்கியது. அந்த ஸ்கேன் சத்தம் மாதிரியே இருந்ததால் நான் போய்ச் சுவிட்சை அணைத்தேன்.

அவர்கள் போன பிறகும் மதியம்வரை கதவைத் திறக்கவில்லை. திறந்தபோது கூடை இருந்தது. உள்ளே கையால் பின்னிய வெள்ளைச் சாக்ஸ் ஒரு ஜோடி. அதன் கீழே, அதே நூலில், உள்ளங்கை அளவுக்கு ஒரு தொப்பி.

மாலதி அந்தத் தொப்பியைத் தன் முஷ்டியின் மேல் மாட்டிப் பார்த்தாள். ரொம்ப நேரம் அப்படியே வைத்திருந்தாள். "எவ்ளோ நல்லா பின்னிக்கீறாங்க பாரேன்" என்றாள். அவள் குரல் எனக்குப் பயமாக இருந்தது.

எதிரே மரத்தடியில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. உள்ளே ஆள் இருக்கிறதா என்று கண்ணாடியில் தெரியவில்லை. சாயங்காலம்வரை பார்த்தோம், யாரும் இறங்கவில்லை, ஏறவில்லை. பல வாரம் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டேன். அது வசந்த காலத்திலிருந்தே அங்கேதான் நிற்கிறது, பேட்டரி செத்த வண்டி என்றார். நாங்கள் அதைப் பார்த்தது அன்றிலிருந்துதான். இப்போதும் நிற்கிறது. இப்போதும் நான் பார்க்காமல் தாண்டுவதில்லை.

6

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். எர்னஸ்டின் அக்கா ஒரு நீலநிற பிஸ்கட் டப்பாவை நீட்டி, போன்களை அணைத்து அதில் போடச் சொன்னார். எங்கே போனாலும் போன் காட்டிக்கொடுத்துவிடும் என்றார். டப்பாவைத் திறந்ததும் மாலதிக்கு அத்தனை நாளில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. உள்ளே ஊசி, நூல், பட்டன்.

"உங்க ஊர்லயும் இந்த டப்பாவுல பிஸ்கட்டு இருக்காதாக்கா?"

"எனக்குத் தெரிஞ்சி எந்த ஊர்லயும் இருந்ததில்ல."

ரோட்டின் இரண்டு பக்கமும் பருத்தி வெடித்து நின்றது. கண்ணுக்கு எட்டின தூரம் வெள்ளை. எங்கள் பக்கத்தில் அறுவடைக் காலத்தில் வயலில் யாராவது இருப்பார்கள், ஒரு சேலையாவது கரும்புக்கு நடுவில் தெரியும். இங்கே மைல் கணக்கில் ஓர் ஆள் இல்லை. காக்கை இல்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, ஆனால் எதற்கும் நிழல் விழுந்த மாதிரி தெரியவில்லை. "எங்க பாட்டன் பூட்டன் எல்லாம் இதுலதான் கெடந்தாங்க" என்றார் அக்கா. கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்காமல் முகவாயால் காட்டினார். அப்புறம் அவருடைய அம்மா கதையைச் சொன்னார். இருபத்தாறு வயதில் வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனாராம். வலி போய்விட்டது. இரண்டு வருடம் கழித்து வேறொரு டாக்டர் சொல்லித்தான் தெரிந்ததாம், கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள் என்று. யாரும் கேட்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை.

நான் பிறந்த அடுத்த வருடம் எங்கள் காலனிக்கு ஒரு ஜீப் வந்தது. குடும்பக் கட்டுப்பாட்டுக் கேம்ப். பள்ளிக்கூட வராண்டாவில் வரிசையாகப் படுக்க வைத்து ஆபரேஷன் செய்து, மறுநாள் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். சம்மதம் கேட்டாங்களாம்மா என்று ஒரு தடவை கேட்டேன். "யார்ரா கேட்டாங்க? ஜீப்பு வந்துச்சி, ஏறினோம்" என்றாள் அம்மா. இதைச் சொன்னேன்.

"ஏதாச்சும் குடுத்தாங்களா?"

"ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டு."

"எங்கம்மாவுக்கு அதுகூட இல்லியே சாமி" என்று சொல்லிவிட்டு அக்கா சிரித்தார். மாலதியும் சிரித்தாள். சிரிக்கிற விஷயமா என்று எனக்குத் தெரியவில்லை, நானும் சிரித்தேன்.

"அதனாலதான் நாங்க கலைக்கறதுக்கு மட்டும் கூட நிக்கறதில்ல" என்றார். "பெத்துக்கணும்னா பெத்துக்கணும். வாணாம்னா வாணாம். பெத்தத பயமில்லாம வளக்கணும். மூணும் சேந்ததுதான் எங்க வேல. தீர்ப்பு வந்ததுக்கு அப்புறம் பெரிய பெரிய சங்கமெல்லாம் டிவியில பேசிக்கினு இருக்குது. வண்டி ஓட்றது நாங்கதான்."

அப்போது டப்பாவுக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

தகரம் நடுங்கியது, ஊசிகள் உள்ளே கலகலத்தன. என் போன். அணைத்தேன் என்று நினைத்திருந்தேன், அணையவில்லை. நான் அக்காவைப் பார்த்தேன். அவர் வண்டியை ஓரம் கட்டினார். "யாரு?" அம்மா என்றேன். "அம்மா கூப்புட்டா எடுக்கணும். எடு."

வீடியோ கால். ஊரில் விளக்கு வைக்கும் நேரம். ஊர் எல்லையில் கங்கம்மா கோயில் மரத்தடியில் நின்று பேசினாள் அம்மா. பிள்ளை வேண்டும் என்று வேண்டிக்கொண்டு அந்த மரத்தில் துணித் தொட்டில் கட்டி, உள்ளே ஒரு கூழாங்கல்லைப் போட்டு வைப்பார்கள். பிள்ளை பிறந்த பிறகு வந்து அவிழ்ப்பார்கள். மாலதிக்காக அம்மாவும் ஒன்று கட்டியிருந்தாள். மஞ்சள் துணி.

"குமாரு, இங்க பார்ரா. காத்தே இல்ல. மத்ததெல்லாம் சும்மா கீது. நம்மளுது மட்டும் ஆடிக்கினே கீது பாரு. கொழந்த வெளையாடுது."

போனைத் திருப்பினாள். கிளை முழுக்கத் தொட்டில்கள், ஒன்றுகூட அசையவில்லை. நடுவில் மஞ்சள் தொட்டில் மட்டும் போய் வந்துகொண்டிருந்தது. யாரோ இப்போதுதான் ஆட்டிவிட்டுப் போனது மாதிரி. அம்மா தொட்டாளா என்று கேட்க வாய் வரவில்லை.

மாலதி போனை வாங்கிக்கொண்டாள். "அத்த. அத அவுத்துடுங்க."

திரையில் அம்மாவின் முகம் பாதிதான் தெரிந்தது.

"கொழந்தைக்குத் தல இல்ல அத்த. பொறந்தாலும் நிக்காது. நாங்க வேற ஊருக்குப் போய்க்கினு கீறோம்."

நான் போனை வாங்கப் போனேன், மாலதி விடவில்லை. கடைசியில் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"கூட பொம்பள யாருனா கீறாங்களா?"

மாலதி போனை முன்சீட்டுப் பக்கம் திருப்பினாள். எர்னஸ்டின் அக்கா திரும்பிப் பார்த்தார். இரண்டு பேருக்கும் பேச ஒரு பாஷை இல்லை. அக்கா தலையை ஒரு தடவை அசைத்தார். அம்மாவும் அசைத்தாள்.

"சரி. நான் அவுத்துடறேன். நீ தைரியமா போம்மா."

முடிச்சு மழையில் இறுகிப்போயிருந்தது போலிருக்கிறது. அம்மா பல்லால் கடித்து இழுத்தாள். போனை மரத்தில் சாய்த்து வைத்திருந்ததால் எங்களுக்கு அவள் புடவை மட்டும் தெரிந்தது. கல் மண்ணில் விழுந்த சத்தம் கேட்டது. அத்தனை ஆயிரம் மைலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, காருக்குள் விழுந்தது மாதிரி தெளிவாகக் கேட்டது.

கொஞ்ச தூரத்தில் எல்லை வந்தது. செக்போஸ்ட் இல்லை. கட்டை இல்லை, போலீஸ் இல்லை, லாரி வரிசை இல்லை. 'நல்வரவு' என்று ஒரு போர்டு, அதைத் தாண்டியும் அதே பருத்தி. யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நைனாவின் வார்த்தை வாயிலேயே இருந்தது. மாலதி கண்ணை மூடிக்கொண்டு, "தாண்டிட்டோமா?" என்றாள். "தாண்டிட்டோம்" என்றேன். அவள் கண்ணைத் திறக்கவில்லை.

7

கிளினிக்கைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். அது மாலதியுடையது. வாசலில் ஒலிபெருக்கியோடு ஒருவர் நின்று, பாப்பாவின் குரலில் "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மீசை வைத்த பெரிய மனிதர். எர்னஸ்டின் அக்கா, மேகமே இல்லாத வானத்தில், ஒரு பெரிய கறுப்புக் குடையை விரித்தார். மாலதி அந்தக் குடைக்குள் நடந்து போனாள். உள்ளே அவள் ஒன்று மட்டும் கேட்டாளாம்: அந்தத் துடிப்புச் சத்தத்தை வைக்காதீர்கள் என்று. இங்கே யாருக்கும் அதை வைப்பதில்லை என்றார்களாம்.

திரும்பும்போது மாலதி தன் பையிலிருந்து அந்தத் தொப்பியை எடுத்தாள். கொண்டு வந்திருக்கிறாள் என்று எனக்கே தெரியாது. குப்பையில் போடட்டுமா என்று அக்காவிடம் கேட்டாள்.

"தொப்பி இன்னாம்மா பண்ணிச்சி? குடு இப்டி."

அமைப்பின் இடத்தில், பிரசவத்துக்குப் போகும் பெண்களுக்காக டயப்பர், பால் புட்டி, துணி எல்லாம் அடுக்கி வைத்திருப்பார்கள். அதில் சேர்த்துவிட்டார்.

செலவு எல்லாம் அவர்களே கொடுத்தார்கள். காப்பீட்டுக்காரர்கள், இது எங்கள் மாநிலத்தில் வராது என்று ஒரு வரியில் முடித்துவிட்டிருந்தார்கள். புதிய வேலையில் சேர்ந்ததும் நான் திருப்பிக் கொடுக்கப் போனேன். உன் பேரில் கணக்கே இல்லை, வேண்டுமானால் சனிக்கிழமை வந்து வண்டி ஓட்டு என்றார் அக்கா. அன்றிலிருந்து ஓட்டுகிறேன். பெரும்பாலும் டயப்பர் மூட்டைதான். சில சமயம் எல்லைக்கு அந்தப் பக்கம்.

எங்கள் ஊர்க்காரர்கள் சங்கத்தில் உகாதி விழாவன்று இவர்களுக்காக ஓர் உண்டியல் வைக்கலாமா என்று கேட்டேன். தலைவர் என்னைத் தனியாக அழைத்துப் போய், "நமக்கு எதுக்குப்பா அவங்க சகவாசம்?" என்றார். யார் அவங்க என்று கேட்டேன். பாயசம் சாப்பிடச் சொன்னார். அன்றைக்கே, பாத்திரம் கழுவும் இடத்தில், பெயர் தெரியாத ஒரு பெண் மாலதியின் கையைப் பிடித்து, அந்த நம்பர் எனக்குக் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறாள். சங்கத்தில் இருக்கும் எல்லாரும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன்: அது உங்கள் வீட்டுப் பெண்ணாகவும் இருக்கலாம்.

தை மாதம் ஒரு வீட்டில் டயப்பர் இறக்கும்போது, ஓர் இளம் அம்மாவின் தோளில் இருந்த குழந்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. தலையில் அந்த வெள்ளைத் தொப்பி. குழந்தை கண்ணை எடுக்கவே இல்லை, நானும் எடுக்கவில்லை. மாலதியிடம் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன், சொல்லிவிட்டேன். "சரியா இருந்துச்சா?" என்றாள். "கச்சிதமா இருந்துச்சி" என்றேன்.

8

போன சனிக்கிழமை, ஒரு வருடம் ஆன அன்று, எர்னஸ்டின் அக்கா வீட்டுக்கு மாலதியோடு போயிருந்தேன். புளிச்சோறு கட்டிக்கொண்டு போயிருந்தாள். பின்கட்டில் பெரிய மரம். கிளையில் கயிறு கட்டி, ஒரு கார் டயரை ஊஞ்சலாகத் தொங்கவிட்டிருந்தார்கள். பிள்ளைகள் யாரும் இல்லை. காற்றும் இல்லை. டயர் மட்டும் போய் வந்துகொண்டிருந்தது.

மாலதி சோற்றுத் தூக்கைக் கீழே வைத்துவிட்டாள். இரண்டு பேருக்கும் ஒரே நினைப்புதான்.

கிட்டே போனேன். தேய்ந்த டயர் இல்லை. ரோட்டைப் பிடிக்கும் வரிவரியான பூ அப்படியே இருந்தது. பக்கவாட்டில் கத்தியால் கீறின வெட்டு, என் கை உள்ளே போகும் அளவுக்கு.

"நல்ல டயராச்சே, இன்னாக்கா இது?"

"பழசு. விடு."

விடவில்லை. அப்புறம் சொன்னார். எங்களைக் கொண்டுபோய்விட்டு வந்த மூன்றாம் நாள் காலையில், வாசலில் நின்ற வண்டியின் நான்கு டயரும் கிழிந்திருந்ததாம். பட்டப்பகலில், அவர் உள்ளே காப்பி போட்டுக்கொண்டிருந்தபோது. முன்கண்ணாடியில் எதையோ ஒட்டிவிட்டுப் போயிருந்தார்களாம். நகத்தளவில் இரண்டு தங்கநிறப் பாதங்கள்.

"எங்களாலதானாக்கா? நாங்க அந்தக் கவுன்டர்ல சொன்னதாலதானா?"

"யாருக்குத் தெரியும்? அதுக்கு முன்னாடியும் கிழிச்சிக்கீறாங்க. அதுக்கு அப்புறமும்."

"ஏன் சொல்லவே இல்ல?"

"சொல்லிருந்தா நீ வண்டி ஓட்ட வந்திருப்பியா, இல்ல மன்னிப்புக் கேட்டுக்கினு கெடந்திருப்பியா?"

மாலதி டயரை இரண்டு கையாலும் பிடித்தாள். நின்றது. கையை விடவில்லை.

"எவ்ளோ ஆச்சுக்கா?" என்று கேட்டேன்.

"இன்னாத்துக்கு இப்போ?"

"எழுதணும். எங்க ஊர்க்காரங்களுக்கு."

"அப்போ சரியா எழுது" என்றார் எர்னஸ்டின் அக்கா. "நாலு டயரு, மாட்ற கூலி, வரி எல்லாம் சேத்து, அறுநூத்தி நாப்பது டாலர்."